நான்காவது கட்டம்

வில்யாண்டிக்கு வெளியே விதைச் சோதனைக்கூடத்தில்
ஹெல்யுவுக்கு எண்ணுவதுதான் வேலை.
நனைத்த தாள், நூறு விதை, மூடிய தட்டு.
ஏழாம் நாள் திறப்பாள்.

பட்டாணியிடம் எந்தப் பிகுவும் இல்லை.
குடித்துக் குடித்துச் சட்டை கிழியும்.
பருப்பிரண்டையும் கீழேயே விட்டுவிட்டு
நுனியை மட்டும் வெளியே அனுப்பும்.
பீன்ஸ் அப்படியில்லை,
வீட்டையே தலையில் சுமந்து வரும்.
வெங்காயம் முழங்கையால் கதவை இடிக்கும்;
உள்ளே வந்து வெகுநேரமாகியும்
கறுப்புத் தொப்பியைக் கழற்றாது.
லெட்டூஸுக்கு விளக்கைப் போடவேண்டும்.
குளோவர், கல்.
உப்புத்தாளில் தேய்த்தால்
மயிரிழைக் கீறல் ஒன்று விழும்,
அது போதும் ஈரத்துக்கு.
ஆஷ் மரத்து விதையோ
ஒரு கோடை முழுக்க உள்ளுக்குள்ளேயே வளர்ந்து
பிறகு ஒரு பனிக்காலமும் கேட்கும்.
அதற்குத் தனி அலமாரி, தனிப் பொறுமை.

விளையும் பயிர் முளையிலே தெரியுமாம்.
ஹெல்யு இதுவரை ஒரு பயிரையும் பார்த்ததில்லை.
எண்ணி முடித்ததும் தட்டு குப்பைக்குப் போகும்.

படிவத்தில் நான்கு கட்டங்கள்.
நல்ல நாற்று. கோணல் நாற்று. செத்தது.
நான்காவது:
முளைக்கவில்லை, ஆனால் சாகவுமில்லை.

வோர்ட்ஸ்யார்வ் ஏரிக்கரையிலிருந்து
ஊர்மஸ் கொண்டுவந்த சம்பங்கோரை விதை,
கடுகுப் பாட்டிலில், புகைபோல.
வெளிச்சம் கொடுத்தாள், தண்ணீர் கொடுத்தாள்,
இருபது டிகிரி, ஒரு புள்ளி பிசகாமல்.
இருபத்தொரு நாள்.
"செத்துப்போச்சு, மூன்றில் போடு" என்றான் ஊர்மஸ்.

நவம்பர்ப் புயலில் கம்பி அறுந்தது.
மூன்று இரவு மின்சாரம் இல்லை.
பகலில் ஜெனரேட்டர் உறுமி அறையைச் சூடாக்கும்,
இரவில் ஜன்னலில் உறைபனி.
பேனா மை இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் தட்டைத் திறந்தாள்.
தாள் முழுக்கப் பச்சை மயிர்க்கூச்சம்.

ஏரியின் ஆழத்தில்
இரவும் பகலும் ஒரே குளிர்.
கரையோரச் சேற்றில்தான்
பகல் சுடும், இரவு நடுங்கும்.
நாங்கள் கொடுத்த மாறாத இருபது டிகிரியை
அவை ஆழம் என்று நினைத்திருக்கின்றன.

வெப்பம் பிசகிய சோதனை செல்லாது.
விதி ஏழு, உட்பிரிவு இரண்டு.
ஹெல்யு குறுக்கே ஒரு கோடு போட்டாள்,
'காரணம்' என்ற இடத்தில் 'மின்தடை' என்று எழுதினாள்,
தட்டைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு
நாலே முக்கால் பேருந்தைப் பிடித்தாள்.

"எத்தனை முளைத்தது?"
வாசலில் ஊர்மஸ் கேட்டான்.
எண்ணவில்லை என்றாள்.