மறுகா

வாழைச்சேனைத் துறைமுகத்து வானொலி அறைக்கு
ஒரு யன்னல், இரண்டு கதிரை,
உப்பேறிக் கறுத்த ஒரு மின்விசிறி.
கூரையில் நான் கட்டிய செப்புக் கம்பிகள் இரண்டு
படகுகளுக்கல்ல, சூரியனுக்கு.
காகம் விரட்ட என்று நினைத்திருக்கிறார் மேலதிகாரி.

பாடுமீனைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.
துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி மறுமுனையில் காது வைக்க
எனக்குப் பொறுமையில்லை.
நான் கேட்பது
பகலெல்லாம் கண்ணைக் கூசவைத்து ஒளிந்துகொள்ளும் ஒன்றின்
மேற்சட்டையை.

கிரகணத்தன்று மட்டும் தெரியும் அந்த முத்துநிற வட்டத்தில்
அடியில் அடர்த்தி,
மேலே போகப் போக ஐது.
அடர்ந்த இடம் கீச்சிடும், ஐதான இடம் முனகும்.
ஆகவே எண்பதிலிருந்து இருபது மெகா ஹேர்ட்ஸுக்கு
ஓர் இரைச்சல் சரிந்தால்
எதுவும் விழவில்லை,
ஏறிப் போகிறது.
திறந்த காந்தக் கோடொன்றைப் பிடித்துக்கொண்டு
ஒளியில் மூன்றிலொரு வேகத்தில்
இலத்திரன் கூட்டம்,
திரும்பிப் பாராமல்.

நேற்று பதினொன்று பன்னிரண்டு.
ஷிபானா-2, கரையிலிருந்து நூற்றுப்பத்துக் கடல்மைல்.
முபாஸ் பேசிக்கொண்டிருந்தார்
"தண்ணி பம்பு வேல செய்யுதில்ல, மறுகா..."
மறுகாவுக்குப் பிறகு
தகரத்தில் மழை கொட்டும் சத்தம்.
அதுவும் நின்றது.
எட்டிலும் பன்னிரண்டிலும்
பஞ்சடைத்த காது.

அவர் மனைவி நஸ்ரியா
பால்மாப் பையோடு வாசலில் நின்றார்.
"என்னகா அது?"
"சூரியன். எட்டு நிமிசத்துக்கு முதல் அங்க ஒண்டு வெடிச்சது."
யோசித்தார்.
"எட்டு நிமிசத்துக்கு முதல் இவர்
நல்லாத்தானே இருந்தார்."

வானத்தின் கீழ்த்தட்டு தடித்துவிட்டது,
குரல் அதில் ஊறிப்போகிறது,
காய நேரமெடுக்கும் என்றேன்.
உடுப்புக் காயப்போட்ட கைகளைப் பார்த்தபடி
தலையாட்டினார்.

மடிக்கணினியில் சரிகோடுகள்.
ஒன்று, பிறகு இரண்டு, பிறகு ஏழு.
ஏழும் போனவை.
எத்தனை என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.

பதினொன்று முப்பத்தொன்றுக்கு ஒரு கோடு
இறங்கியது, அடியில் தயங்கியது,
மறுபடி ஏறியது.
வளைவொன்றின் உச்சிவரை போய்
மற்றக் காலால் சூரியனுக்கே இறங்கியவை.
இரண்டு வருடத்தில் நான் கண்டது நாலு.

இதில் ஒன்றுமில்லை.
காந்தக் கோட்டுக்கும் கடலுக்கும்
எந்த ஒப்பந்தமும் கிடையாது.
ஆனாலும் திரையை
அவருக்குத் தெரியும்படி திருப்பி வைத்தேன்.
"பானா," என்று வாசித்தார்,
பிள்ளைக்கு எழுத்துக் காட்டுகிறவர் மாதிரி.

பன்னிரண்டு ஐந்துக்குப் பஞ்சு கழன்றது.

"மறுகா," என்றார் முபாஸ், விட்ட இடத்திலிருந்து,
"பம்பத் தட்டிப் பாத்தம், ஓடுது.
சூரை இண்டைக்கு என்ன வில?"