டிபன் உட்பட

நாற்பத்தொரு நாள்.
தலையணைக்கென்று ஒதுக்கியது
நாளுக்கு நானூற்றைம்பது.
அதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும்
விசாகப்பட்டினத்தில் ஒரு வேளைச் சோறு குறையும்.

இருபத்திரண்டு வருஷம்
கரும்பலகையில் கிழக்குக் கடற்கரையை
ஒரே இழுப்பில் வரைந்தவள் நான்.
தூத்துக்குடிக்கு வடக்கே போனதில்லை.
மே மாசத்திலா, அதுவும் தனியாகவா என்று
விருதுநகர் ஸ்டேஷன் வரை கேட்டுக்கொண்டே வந்தான் தம்பி.
மே மாசத்தில்தானே பள்ளிக்கூடம் விடுகிறார்கள்.

முதல் ஒன்பது நாள் சென்னை.
தெற்குப் பக்கம் விசாரித்த விலைக்கு
எங்கள் ஊரில் ஆடு வாங்கலாம்.
அதனால் வடக்கு.

மண்ணடியில் மூன்றாம் மாடி லாட்ஜ்.
பேர் எழுதினார், ஊர் எழுதினார்.
"கூட யாரு?"
யாருமில்லை என்றதும்
பேனாவுக்கு மூடி போட்டார்.

வால்டாக்ஸ் ரோட்டில் ஏசி அறை எழுநூறு,
ரிமோட்டுக்குத் தனியாக நூற்றைம்பது.
ஜன்னலைத் திறந்தால் சுவர்,
சுவரில் இன்னொரு ஏசியின் முதுகு.

சௌகார்பேட்டைச் சத்திரம் பிடித்திருந்தது.
பளிங்குத் தரை, முந்நூறு ரூபாய்.
மூன்று ராத்திரிக்கு மேல் தர மாட்டார்களாம்.
நடையில் உட்கார்ந்து
செருப்பைக் கழற்றிப் பாதத்தை அந்தத் தரையில் வைத்தேன்.
யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.
கால் மணி நேரம் இலவசம்.

நாலரை மணிக்கு ராயபுரம்.
வெயில் இன்னும் தார்ரோட்டிலேயே படுத்திருந்தது.
மெடிக்கல் கடைக்காரர் கை காட்டிய சந்தில்
பச்சைக் கதவு, மாடியில் ஒற்றை அறை.
ஃபெலிசித்தா என்று பேர் சொன்னவர்
அறையைக் காட்டுவதற்கு முன்
அதன் குற்றங்களைக் காட்டினார்.

"தோ பாரும்மா, முன்னாடியே சொல்லிர்றேன்.
விடியகாலம் மூணு மணிக்கு
மீன் வண்டிங்கோ போவும், சத்தம் தாங்காது.
காத்து திரும்புச்சுன்னா நாத்தம்.
ஃபேன் மூணாம் நம்பர்லதான் சுத்தும்,
அஞ்சுல வெச்சா நின்னுடும்.
எம் மச்சான் ராத்திரில பாட்டு பாடுவாரு,
நல்லா இருக்காது."

காலையில் இட்லி, வடகறி.
ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆப்பம், மீன் குழம்பு.
ஐந்நூறு.

நோட்டை எடுத்தேன்.
நானூற்றைம்பதுக்குக் கீழே
நான் இழுத்திருந்த இரட்டைக் கோட்டை
அவரும் எட்டிப் பார்த்தார்.
"சரி, லாரி வரும்போது
நாலு கொடம் தண்ணி புடிச்சிக் குடுத்துடு,
அம்பதைக் கழிச்சிக்கறேன்."

அன்றைக்கு ராத்திரி மச்சான் பாடினார்.
அந்த ஒன்றில் மட்டும் அவர் பொய் சொல்லியிருந்தார்,
அவ்வளவு மோசமில்லை.

ஐந்தரைக்கு லாரி.
மஞ்சள் குடம், நீலக் குடம், எண்ணெய் டப்பா.
எனக்கு முன்னால் நின்றவர் பேர் வடிவுக்கரசி,
இடுப்பில் ஒன்று, கையில் இரண்டு.
"ஃபெலிசித்தா வூட்டுக்கு ஒறவா நீ?"
இல்லை, வாடகை.
"எவ்ளோ?"
சொன்னேன்.
ஐயோ என்று நெற்றியில் அறைந்துகொண்டார்,
குடம் விழாமல்.
"ஏமாந்துட்டியேக்கா.
எங்க மாடில நானூறுதான்.
கொடமும் தூக்க வேணாம்."

வயிற்றில் ஏதோ சரிந்தது.
ஒன்பது ஐம்பது, நானூற்றைம்பது:
புவனேஸ்வரத்தில் முழுசாக ஒரு ராத்திரி.
"டிபனோடயா?"
"டிபனா? அதெல்லாம் யாரு ஆக்கறது!"
"ஃபேன்?"
"சுத்தும்" என்றார்
வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

ஐம்பது ரூபாய்க்கு எத்தனை இட்லி,
வடகறியைத் தனியாகப் போடலாமா, சேர்த்தா,
ஞாயிற்றுக்கிழமை மீனை எந்தக் கணக்கில் வைப்பது
என்று கூட்டிக்கொண்டிருந்தபோது
குழாய் குடத்தைவிட்டுத் துள்ளி
முழங்கால்வரை என்னை நனைத்தது.

"குனிஞ்சி புடிக்கா" என்று
பின்னாலிருந்து நாலு பேர் கத்தினார்கள்.
குனிந்து பிடித்தேன்.
இன்னும் மூன்று குடம்.