தொட்டிக்கு ஒரு தோல்

வண்டிக்கு ஆறு வயசு.
என் கைக்கு வந்து பதினாலு மாசம்.
பின்தொட்டியில் ஐஸ் உருகி ஓடின வழியெல்லாம்
பழுப்பில் ஒரு வரைபடம்.
வலது மூலையில் விரல் நுழையும் ஓட்டை,
குனிந்தால் தார்ரோடு தெரிகிறது.

ரப்பர் பாய் போதும் என்றாள் நாத்தனார் பாக்கியசீலி.
பாதி வண்டி அவளுடையது.
பாய்க்கு அடியில் போய்ப் படுக்கும் உப்புத்தண்ணி
எழுந்திருக்கவே எழுந்திருக்காது, என்றேன் நான்.
பாதி துரு என்னுடையது.

மூலக்கடை தாண்டி, மணலி லாரிகள்
புழுதி ஊதிப்போகும் ஓரத்தில் கமாலுதீன் ஷெட்.
மேஜைமேல் உள்ளங்கையளவு தகடுகள், எல்லாம் கறுப்பு.
ஒன்று தோசைக்கல்லின் முதுகு.
ஒன்று அசல் சுறாத்தோல்.
ஒன்று கடம்பா மாதிரி வழுக்கல்.

"இது பாலியூரித்தேன், பதினோராயிரம், ஒரு நாள் காயணும்.
இது பாலியூரியா. சூடு பண்ணி அடிக்கிறது.
இன்னா வெலன்னு நீ கேக்கறதுக்குள்ள காஞ்சிடும்.
இருவத்திரெண்டு."
சுத்தியலை எடுத்து ஓங்கி ஒரு போடு.
தகடு குழிந்தது, தோல் கிழியவில்லை.
"சுத்தியலால எவனும் மீன் ஏத்துறதில்ல"
என்றாள் பாக்கியசீலி.

விலைக்கு ஒன்றாக ரெண்டு தகடு கேட்டு வாங்கினேன்.
காசிமேட்டில், எங்கள் ஐஸ் பெட்டிக்கு அடியில்,
சங்கராவுக்கும் காரப்பொடிக்கும் கீழே
இருபது நாள் கிடந்தன.
நகத்தால் கீறினேன். வஞ்சிரம் போடும் கத்தியால் கீறினேன்.
மோசே பீடி நெருப்பால் சுட்டுப் பார்த்தான்,
அது நான் சொல்லிச் செய்ததல்ல.

விலை குறைந்ததன் ஒரு விளிம்பு
வேர்க்கடலைத் தோல்போல் எழும்பியிருந்தது.
விலை கூடியதும் எழும்பியிருந்தது. கொஞ்சம்.

கொண்டுபோய் அவன் மேஜைமேல் வைத்தேன்.
கோபப்படவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"பையன் சரியா தேய்க்காம அடிச்சிக்கீறான்.
மருந்துல ஒண்ணும் இல்ல ராணிம்மா,
எல்லாம் சுரண்டல்லதான் கீது.
சுரண்டச் சுரண்டத்தான் பிடிக்கும்."

பாக்கியசீலி என்னைப் பார்த்தாள்.
நூற்றுக்கு எட்டு கமிஷன், மீட்டர் வட்டி,
பெட்டிக்கு நாலு ரூபாய் இறக்குக்கூலி...
"அப்போ எங்க மேலயே அடிச்சிடுப்பா" என்றாள்,
"சும்மா கெட்டியா பிடிக்கும்."

கமாலுதீன் சிரித்து முடிக்க நேரமானது.
அந்தச் சிரிப்பில் ரெண்டாயிரம் குறைந்தது.
விலை கூடியதே இருக்கட்டும் என்றோம்,
பாதி இப்போது, மீதி மூன்று தவணை.

சொரசொரப்பா, வழவழப்பா?
சொரசொரப்பில் பெட்டி நகராது, ஆனால்
செதில் போய் உட்காரும், பிரஷ்ஷுக்கும் அசையாது.
வழவழப்பில் நாத்தம் நிற்காது,
மோசேயும் நிற்கமாட்டான்.
சிந்தாதிரிப்பேட்டையில் லோடு இறக்கியபின்
அவன் தூங்குவதும் அங்கேதான், சட்டையில்லாமல்.
ஒருத்தனின் காலையும் முதுகையும்
ஒரே தொட்டியில் யோசிக்க வேண்டியிருந்தது.

"கதவாண்ட ரெண்டடிக்கு சுறா.
மீதி தோசைக்கல்லு."
அப்படி அடித்ததே இல்லை என்றான். அடித்தான்.

அதற்கு முன் ரெண்டு நாள் சுரண்டல்.
நீலத்துக்கு அடியில் வெள்ளை,
வெள்ளையில் யாரோ ஆணியால் கீறின கணக்கு:
நாப்பது, நாப்பது, முப்பத்தஞ்சு, பாக்கி.
எவ்வளவு பாக்கி என்று எழுதவில்லை.
கிரைண்டர் அதன்மேல் போனபோது
யாருக்கோ கடன் தீர்ந்தமாதிரி இருந்தது. எங்களுக்கில்லை.

முதல் லோடு. விடிகாலை மூன்றரை.
தண்ணீர் வடியவில்லை, தொட்டி குளமாகி
மத்தி மிதக்கிறது.
வடிகால் துளைகளையும் சேர்த்து
அழகாக மூடியிருந்தான் பையன்.

மோசே டிரில் கொண்டுவந்தான்.
நாலு துளை. கறுப்புக்கு நடுவே
பளபளவென்று நாலு இரும்பு வளையம், திறந்தபடி.
துரு இனி எங்கே தொடங்குமென்று
மூன்று பேரும் குனிந்து பார்த்துவிட்டோம்.

தினமும் அதற்கு ஒரு விரல் கிரீஸ்.
மோசே மறந்தால் பாக்கியசீலி,
பாக்கியசீலி மறந்தால் நான்.