ஹவல்லிப் பெட்டி

பதினோரு தினார்.
ஏதோ வங்கி கழித்துப்போட்ட கணினி,
விலாவில் இன்னும் சொத்து எண்.
நினைவகம் நான்கு ஜிபி.
“போதுமாடா?” என்றான் எட்வின்.
கோப்பு வைக்கத்தானே, கோட்டை கட்டவா.

மிச்சம் பிடித்ததை வட்டில் போட்டேன்:
புதிது, இரண்டு, ஒரே அளவு.
ஒன்றில் எழுதினால் மற்றதிலும் விழும்.
மென்பொருள் இலவசம்,
மூன்று வெள்ளிக்கிழமைகளைத் தவிர.

ஃபர்வானியா அறையில் ஆறு கட்டில்.
ஏசிக்கு நேர்கீழே காதர் மீரான்.
அவர் கட்டிலடியில் இடம் கேட்டேன்.
“ராத்திரி இரையுமா?”
“உங்க குறட்டைக்குக் கீழதான்.”
சிரிக்கவில்லை. கைப்பேசியை நீட்டினார்:
“மொதல்ல இத ஏத்து.”

மனைவியின் குரல்பதிவுகள்
நாலாயிரத்துச் சொச்சம்.
அரிசி விலை, பல்வலி,
தவறுதலாய் அழுத்திய வெறும் மூச்சு.
ஒன்றையும் அழித்ததில்லை.

ஆகஸ்டில் ஏசி நின்ற மதியம்
ஒரு வட்டு டிக் டிக்கென்று அடித்து
ஓய்ந்தது.
மாற்று வாங்கிச் செருகினேன்.
பிழைத்தது புதியதில் எழுதத் தொடங்கியது,
முதலிலிருந்து.
“பன்னெண்டு மணி நேரமாகும். தூங்குங்க.”

என் லேப்டாப்பை வாங்கி
மடியில் வைத்துக்கொண்டார்.

விடியற்காலை,
அறை முழுக்கக் கேட்கும்படி:
“எழுபத்தொண்ணு.”