சோதனைத் துண்டு

என்ன ஒட்டப்போகிறீர்கள் என்று கேட்டார்
கிராஃபோர்ட் மார்க்கெட் பின்சந்தில் ஜிக்னேஷ்பாய்.
வீடு என்றேன்.
முன்னூற்றுப் பத்து சதுர அடி, அம்பர்நாத், ஆறாவது மாடி.
அவர் சிரிக்கவில்லை.
கனமான அட்டையாகப் பார்த்து எடுத்துப்போட்டார்.

ஸ்பிரிட் மார்க்கர் வேண்டாம், மறுபக்கம் ஊறும்.
படுக்கையறைச் சிவப்பு சமையலறையில் எட்டிப்பார்க்கும்.
வாட்டர்கலரா, இந்த ஜூலையிலா?
சுவரெல்லாம் அப்பளமாய் வளைந்துபோகும்.
போஸ்டர் கலர் எடுங்கள்
மெல்லிசாக இரண்டு பூச்சு
வெட்டுவதற்கு முன்னால்.

துரைப்பாண்டிக்கு மஞ்சள் பிடிக்கும், எனக்கு நீலம்.
கலந்துவிடேன் என்றான்.
கலந்தேன்.
சயான் கோலிவாடாவில் எங்கள் மொட்டைமாடித்
தண்ணீர்த் தொட்டியின் பாசி வந்தது.
அதையே பூசினோம்,
டப்பா வீணாகக் கூடாதே.

மடித்த இடத்தில் பெயிண்ட் வெடித்தது.
வெட்டிய விளிம்பெல்லாம் வெள்ளை வெளேர்.
அட்டைதான், அட்டைதான் என்று
நாலு மூலையும் காட்டிக்கொடுத்தது.
ஸ்கெட்ச் பேனாவைப் படுக்கவைத்து
விளிம்பை மட்டும் தடவிக்கொண்டே போனேன்
மூச்சை அடக்கி.
பிறகு அது சுவர்.

நடுவில் பில்டர் போனை எடுத்தான்.
டிசம்பர் என்றான்.
எந்த டிசம்பர் என்று நானும் கேட்கவில்லை,
கையில் பசை.

பால்கனிக்கு அட்டை போதவில்லை.
கடையில் பேனா பேனாவாக மூடி திறந்து
இழுத்துப் பார்த்த துண்டு பையில் கிடந்தது.
பதினேழு கோடுகள். அதையே வெட்டி ஒட்டினேன்.

துரைப்பாண்டி குனிந்து
ஒன்றைத் தொட்டான்.
இந்த மஞ்சளைத்தானே சொன்னேன்.

அது
விலை கேட்டுவிட்டுத்
திரும்ப வைத்த பேனா.