டிக்கெட்டின் முதுகில்

"அஞ்சு வார்த்தை சொல்றேன், மனசுல வச்சுக்கோங்க,
கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்பேன்" என்றார் டாக்டரம்மா.
குடை. ஆடு. மஞ்சள். சாவி. பள்ளிக்கூடம்.
இவ்வளவுதானா என்று சிரிப்பு வந்தது.

ஜங்ஷன் டூ பாபநாசம்.
உட்கார்ந்தவர் ஐம்பத்தைந்து, நிற்பவர் கணக்கில்லை.
யாருக்கு எங்கே இறக்கம், யாருக்கு எவ்வளவு மீதி,
பத்தமடை வருமுன்னே தலைக்குள் ஏறிவிடும்.
சேரன்மகாதேவி பால்காரருக்குப் பதினாலு,
வீரவநல்லூர் டீச்சருக்கு முப்பத்தாறு,
கேட்காமலே கைக்குப் போகும்.
"ஏல வெயிலுமுத்து, ஒன் மண்டைக்குள்ள
மூணு கல்லாப்பெட்டி இருக்குல"
என்பார் டிரைவர் ஆவுடைநாயகம்.
இருந்தது.

"எந்த வயசுல ஆரம்பிச்சீங்க?"
பதினாறு.
கன்னடியன் கால்வாய் மதகுக்குக் கீழே.
பொட்டலம் பூதப்பாண்டியுடையது, தீப்பெட்டி என்னுடையது.
"சாராயமால இது? வெறும் இலை" என்றான்.
இருபத்திரண்டு வருசம் வெறும் இலை.
தோல்பை தோளில் தொங்கும்போது ஒருநாளும் தொட்டதில்லை;
அதில் ஒரு பெருமை வேறு.

"நூறுல இருந்து ஏழு ஏழா கழிங்க."
தொண்ணூற்று மூன்று.
எண்பத்தாறு.
எழுபத்தொன்பது.
பிறகு, ஐப்பசி வெள்ளத்தில் தாம்போதி முங்கிய மாதிரி.
அந்தக் கரை தெரிகிறது. கால் வைக்க இடமில்லை.
டாக்டரம்மா பேனாவைத் திறந்து என்னவோ எழுதினார்.

ஒரே நாளில் போகவில்லை.
பாக்கெட்டில் தையல் விட்டிருக்கிறது,
மண்ணில் விழும் காசுக்குச் சத்தம் ஏது.
எந்த ஊர் என்று கேட்டுவிட்டு மெஷினைப் பார்ப்பேன்,
மறுபடி எந்த ஊர் என்பேன்.
சாப்பிடும்போது பேச்சின் வால் அறுந்து போகும்.
"சொல்ல வந்ததச் சொல்லிட்டுச் சாப்பிடுங்க" என்பாள் கோமு.
சொல்ல வந்தது எது?
மீதியை டிக்கெட்டின் முதுகில் எழுதித் தர ஆரம்பித்தேன்.
எல்லாக் கண்டக்டரும் செய்வதுதான்,
எனக்கு அது ஊன்றுகோல்.

அன்றைக்கு எழுதவில்லை.
ஒரு அம்மா, ஐந்நூறு ரூபாய் நோட்டு.
மஞ்சப்பைக்கு வெளியே எக்ஸ்ரே உறை நீட்டிக்கொண்டிருந்தது.
மீதி கேட்டாள்.
கொடுத்தாச்சு என்றேன்.
"இல்லியே அண்ணாச்சி."
வண்டி முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டேன்.
கொடுத்தது அவ்வளவு துலக்கமாக ஞாபகம் இருந்தது,
நோட்டை வாங்கி மடித்த அவள் விரல்கள் உட்பட.
கல்லிடைக்குறிச்சியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினாள்.

ராத்திரி டிப்போவில் எண்ணினேன். திரும்ப எண்ணினேன்.
நானூற்று அறுபத்திரண்டு ரூபாய் கூடுதல்.

மறந்தது கூடப் பரவாயில்லை டாக்டர்.
நடக்காத ஒன்றை என் தலையே எழுதி
என் கையெழுத்தையும் போட்டு வைத்திருந்தது.

"இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது.
வளர்ற வயசுல தொடங்குனது ரொம்பத் தப்பு.
விட்டுட்டா கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பும்."
மீதி எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை.

நாற்பத்தொரு நாளாயிற்று விட்டு.
தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை,
விடிகாலைக் கனவில் டிக்கெட் கிழிக்கிறேன்.
பூதப்பாண்டி அம்பாசமுத்திரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான்,
இருநூறு பேர் நம்பர் மனப்பாடம்.
ஒரே பொட்டலம்தான்.
ஒரே மழைக்கு ஒரு வீடு ஒழுகுகிறது, பக்கத்து வீடு ஒழுகவில்லை.
அவனைப் பார்த்தால் பொறாமையாக வருகிறது,
அப்புறம் பயமாகவும்.

ரூபாயைக் கவரில் போட்டு சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.
அவள் முகம் இல்லை என்னிடம்.
கல்லிடைக்குறிச்சியில் ஏறுகிற கைகளைத்தான் பார்க்கிறேன்.
ஊரில் பாதிப்பேர் கையில் மஞ்சப்பை.

"சரி, அந்த அஞ்சு வார்த்தை?"

குடை.
ஆடு.
மஞ்சள்.
எக்ஸ்ரே.

"அது நான் சொல்லலியே" என்றார் டாக்டரம்மா,
மெதுவாக.