நாற்பத்திரண்டாம் அடி

சென்னியப்பன் தோட்டத்துக் கிணற்றில்
நாற்பத்திரண்டாம் அடியில் பாறை வரவில்லை,
தண்ணீரும் வரவில்லை.
கறுப்பாக, அழுகிய கோரை வாசத்தோடு
ஒரு முழம் சேறு வந்தது.
"நாத்தம் புடிச்ச மண்ணுங்க, தென்னைக்கும் ஆகாது.
உங்களுக்கு எதுக்குங்க?"
கேட்டுக்கொண்டே
உரச் சாக்கில் ஒன்பது கட்டிக் கொடுத்தார்.
வேட்டைக்காரன்புதூர் பஸ்ஸில்
ஏற்ற விடவில்லை கண்டக்டர்.
தேங்காய் லாரியில் கோவை வந்து சேர்ந்தது
பனியுகம்.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான்.
கேட்டவரெல்லாம்
ஆனைமலை வெள்ளையாக இருந்ததா என்கிறார்கள்.
இல்லை.
உலகத்துத் தண்ணீர் எங்கோ வடக்கே உறைந்து நின்றது.
பாலக்காட்டுக் கணவாய் வழியே
காற்று மட்டும் வந்தது,
வெறுங்கையோடு.

சேற்றைச் சலித்து, மிஞ்சியதில்
மண்ணெண்ணெய் ஊற்றிப் பிசைந்து
தண்ணீர் விட்டால்
மண் கீழே கிடக்கும், வண்டு மேலே வரும்.
வண்டு என்றால் முழு வண்டல்ல.
ஒரு சிறகு மூடி. அரைத் தலை.
எந்தப் பக்கத்துக் கால் என்று தெரியாத ஒரு கால்.
வாடை மூன்று நாள் கையை விடாது;
ஜெசிந்தா தன் டீயை
மேசையின் மறுகோடிக்கு நகர்த்திக்கொள்கிறாள்.

அவள் பார்ப்பது மகரந்தம்.
மணலே கரையும் அமிலத்தில்
அது கரையாமல் நிற்கிறது.
புல், புல், கோரை, புல், புல் என்று
உதட்டுக்குள் எண்ணுகிறாள்.
என்ன புல் என்றால்
"புல்லுக்கெல்லாம் ஒரே முகம்" என்கிறாள்
லென்ஸிலிருந்து கண் எடுக்காமல்.

ஏழாம் சாக்கில் ஒரு சிறகு மூடி.
இன்னும் பச்சை,
நேற்றுத்தான் கழற்றி வைத்ததுபோல்.
வரிவரியாக ஊசிக் குத்துகள்.
இந்த வண்டு இப்போதும் இருக்கிறது,
ஆனால் வால்பாறைக்கும் மேலே,
அட்டை ஏறும் சோலை முடிந்து
புல்மலை தொடங்குமிடத்தில், கல்லுக்கடியில்.
கீழே கொண்டுவந்தால்
ஒரு மத்தியானம் தாங்காது.

அதே சாக்கில்
சாணி உருட்டும் வண்டின் முன்னங்கால்,
ரம்பப் பல்லோடு.
இதன் சொந்தக்காரர்கள்
காங்கேயத்துக் கொறங்காட்டில்
கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே
மாடு போட்ட சூடு ஆறுவதற்குள்
இன்றைக்கும் உருட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

காலம் மாறினால் இவை
உடம்பை மாற்றிக்கொள்வதில்லை,
ஊரை மாற்றிக்கொள்கின்றன.
ஒன்று மலை இறங்கி வந்திருக்கிறது,
ஒன்று காட்டைத் தாண்டி நடந்திருக்கிறது.
இரண்டும் ஒரே குட்டையோரம் செத்திருக்கின்றன.
அப்படியானால்
இரண்டுக்கும் பொறுத்த ஒரு காலை
இங்கே விடிந்திருக்க வேண்டும்:
நாலைந்து டிகிரி குளிர் கூட,
அங்கொன்று இங்கொன்றாய் மரம்,
முழங்கால் புல்.
புல்லில் மந்தை.
எதன் மந்தை?
சாணி இருந்தது, அதுவரைக்கும் தெரியும்.
போட்டது யாரென்று
கால் சொல்லவில்லை.

ராத்திரி சென்னியப்பன் போன் செய்தார்.
அறுபது அடி போயாச்சாம், ஈரம்கூட இல்லையாம்.
"அந்த மண்ணுல ஏதாச்சும் தெரியுதுங்களா?"
"அப்பவும் மழை கம்மிதானுங்க."
கொஞ்ச நேரம் கம்ப்ரஸர் சத்தம்.
"அப்புறம் வந்துச்சுங்களா?"
"வந்துச்சுங்க."
எத்தனை நாள் கழித்தென்று
அவர் கேட்கவில்லை.
ஆயிரங்களில் வைத்திருந்த பதிலை
நானும் எடுக்கவில்லை.

போனை வைக்கும்போது
டியூப்லைட்டில் முட்டிய ஒரு வண்டு
தட்டில் விழுந்து
மண்ணெண்ணெயில் சுழன்று சுழன்று நின்றது.
இடுக்கியால் எடுத்துக் காகிதத்தில் வைத்தேன்.
உலர்ந்தபின் பார்த்தால்
பழையதற்கும் இதற்கும்
பளபளப்பில் வித்தியாசமில்லை.
நோட்டில் எழுதினேன்:
ஏழாம் சாக்கு, மொத்தம் பதினான்கு.
ஒன்று இன்றையது.
கழிக்கவும்.